வாங்காமல் போன போட்டோ

நவம்பர் 4, திங்கள்

ஈரோட்டுக்கு வந்து இன்றோடு ஏழு மாதம் முடிகிறது. காலையில் பால்காரரிடம் இரண்டு வார்த்தை, கீழ்வீட்டு அம்மாவிடம் மோட்டார் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை, அதோடு சரி. மாலை நான்கு மணிக்குக் கடையில் சோப்பு கேட்கும்போது குரல் எழும்பவில்லை. இருமிவிட்டு மறுபடி கேட்டேன்.

ஏன் ஈரோடு என்று சென்னையில் எல்லோரும் கேட்டார்கள். துணிக்காக என்றேன். அது உண்மைதான். இங்கே சந்தையில் பெட்ஷீட், லுங்கி, நைட்டித் துணி, பாவாடைத் துணி எல்லாம் குவிந்து கிடக்கிறது. கட் பீஸ்களாக வாங்கிவந்து சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்து, அந்த டிசைன்களைக் கான்வாஸுக்குக் கொண்டுவருகிறேன். நான் வரைவது மனிதர்களைத்தான். ஆனால் உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் துணியின் பூவும் கட்டமும் கோடும் இருக்கும். முகமும் கையும் மட்டும் வெளியே தெரியும். அந்த மனிதர்கள் எனக்குப் பழைய போட்டோக்களிலிருந்து கிடைக்கிறார்கள். யாருடையது என்றே தெரியாத போட்டோக்கள். முன்பெல்லாம் தெரிந்தவர்களை வரைந்துகொண்டிருந்தேன். தெரியாதவர்களிடம் ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் திரும்பி ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஜனவரிக் கடைசியில் சென்னையில் தனிக் கண்காட்சி. பன்னிரண்டு படம் வேண்டும். பதினொன்று முடிந்துவிட்டது.

நவம்பர் 6, புதன்

பழைய பேப்பர் கடையில் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில் யாரும் வந்து வாங்காமல் விட்ட போட்டோக்கள். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். உறையின் மேல் ரசீது எண் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

எண்பதுக்கு மேல் இருக்கும். குழந்தைகள், பாஸ்போர்ட் அளவு முகங்கள், ஒரு நாய்கூட இருந்தது. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. ஒரு படத்தில் மட்டும் கண் நின்றது. கருப்பு வெள்ளை. பத்தொன்பது இருபது வயதுப் பெண். பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை. இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், மற்றது காலி. இடது கையைக் காலி நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்திருக்கிறாள். வலது சுட்டுவிரலில் துணிக்கட்டு. புடவை முழுக்கச் சாய்வுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மூவிதழ்ப் பூ. இந்த டிசைன் இப்போது எங்கும் வருவதில்லை.

வரவேண்டியவன் வரவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவது படம் இதுதான்.

அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. அது மட்டும்தான் கொஞ்சம் இடிக்கிறது.

நவம்பர் 13, புதன்

ஆறடிக்கு ஐந்தடி. பூதக்கண்ணாடி வைத்து ஒரு கட்டத்தைத் தாளில் வரைந்து, அட்டையில் வெட்டி, அதை வைத்து வைத்து வண்ணம் ஒற்றுகிறேன். புடவையில் தொடங்கி நாற்காலி, தரை, திரை, படிக்கட்டு வரைக்கும் அதே டிசைனை ஓடவிட்டேன். கருப்பு வெள்ளைப் போட்டோ என்பதால் நிறம் என் இஷ்டம். கருநீலம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்கிறது.

வாயை மூடிவிட்டேன். கண்ணையும் கொஞ்சம் தாழ்த்தினேன். இப்போது சரியாக இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

மகள் யாழினிக்கு இன்று பத்தொன்பது. வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

கண்காட்சி நடத்தும் ஃபரீதா சென்னையிலிருந்து வந்திருந்தார். கூடவே ஒரு பத்திரிகைக்காரரும். பதினொரு படத்தையும் தாண்டிவந்து இந்தப் பெண் முன்னால் நின்றுவிட்டார் ஃபரீதா. படத்துக்குப் பேரென்ன என்று கேட்டார். “காத்திருப்பு” என்றேன். முதன்மைச் சுவரில் இதுதான், அழைப்பிதழிலும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

பத்திரிகைக்காரர் இந்தப் பெண் யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது தெரியாததில்தான் படமே இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு தேநீர்க் குவளைகளைக் கழுவினேன். மூன்று குவளை. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. கால்பக்கத்துக்கு அவள் படம். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து காட்டினார். நான் படம் வரைகிறவள் என்பது அவருக்கு இன்றுதான் தெரியுமாம். தையல்காரி என்று நினைத்திருந்தாராம்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் ஒருவர் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது, கையில் மடித்த பேப்பர். நந்தகோபால் என்று பெயர் சொன்னார், செல்போன் கடை வைத்திருக்கிறாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பேப்பரை விரித்து மேஜைமேல் வைத்தார்.

“மேடம், இது எங்கம்மாங்க.”

போட்டோவைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதவேண்டும், ஆனால் நான் அப்போது ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை போட வரவில்லை அவர். நிதானமாகத்தான் சொன்னார். தங்கைக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு, இறந்துபோன அப்பாவின் வழியில் தூரத்துச் சொந்தம். அவர்களில் யாரோ பேப்பரைப் பார்த்துவிட்டு, அந்த இன்னொரு நாற்காலி யாருக்குப் போட்டது என்று கேட்டார்களாம். அதோடு கீழே “காத்திருப்பு” என்று வேறு போட்டிருக்கிறதே.

“அம்மா ரெண்டு நாளா சரியாச் சாப்புடலீங்க. மொகம் தெரியாம பண்ணித் தரச் சொல்லி அவங்கதான் சொல்லியுட்டாங்க. போட்டோவையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

கொடுத்துவிட்டேன். போனில் எடுத்துவைத்திருந்த நகலையும் அவர் கண்முன்னாலேயே அழித்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் வீடு சூரம்பட்டிப் பக்கமாம். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். நேரில் போய் அந்த அம்மாவிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று தோன்றியது. ஆனால் வண்ணம் காய்வதற்குள் முடிக்கவேண்டிய வேலை, புதிதாகத் தொடங்கிய வேறு படத்தில் இருந்தது.

டிசம்பர் 4, புதன்

முகத்தை மூடினேன். கழுத்து வரை வந்திருந்த கட்டங்களை அப்படியே மேலே ஏற்றி நெற்றி, தலைமுடி எல்லாவற்றின் மேலும் ஓட்டினேன். முழுதாகப் பன்னிரண்டு பூ பிடித்தது. இப்போது கை மட்டும் தெரிகிறது.

ஃபரீதாவுக்குப் புகைப்படம் அனுப்பினேன். “முன்னைவிட அபாரம்” என்று பதில் வந்தது.

டிசம்பர் 11, புதன்

மழை. கட் பீஸ்கள் ஈரவாடை அடிக்கின்றன. ஒரு வேலையும் ஓடவில்லை. ஃபரீதா போன் செய்தார். பெரிய சேகரிப்பாளர் ஒருவர் முகமில்லாத அந்தப் படத்தைக் கேட்கிறாராம். சந்தோஷமான செய்தி. யாரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் வரை வந்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா, ஒல்லியாக, கையில் மஞ்சள் பை. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. செருப்பை வாசலில் சேர்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“போட்டா பாக்க வந்தேனுங்க.”

எந்தப் போட்டோ என்று கேட்டேன்.

“என்ர போட்டாதானுங்க.”

அவர் பெயர் வசந்தாமணி. நந்தகோபாலின் அம்மா. ஒரு பெட்ஷீட் கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலை. மேஜைமேல் துணியை ஓடவிட்டு எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே அச்சு தள்ளியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. அப்படித்தான் என் கான்வாஸையும் பார்த்தார். மேலிருந்து கீழே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. மூவிதழ்ப் பூவைக் கண்டதும் நின்றார். தொடலாமா என்று கேட்டுவிட்டு ஒரு விரலால் தொட்டார்.

“பொடவை என்ர பொடவைதான். நெறம் இதில்லீங்க. நல்ல மாம்பழ மஞ்சள்.” அப்புறம் மேலே பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். “மொகம் எங்கீங்க?”

நீங்கள் சொல்லித்தான் மகன் வந்தார், நீங்கள் கேட்டபடிதான் மூடினேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ஒன்னுஞ் சொல்லியுடலீங்களே. பேப்பர்ல வந்ததே எனக்கு முந்தாநாத்துத்தான் தெரியும். கூட வேலை செய்யற புள்ள எங்கியோ வெச்சிருந்து கொண்டாந்து காட்டுச்சு.”

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவராகவே சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு நூல் மில்லில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற கோன் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் பிடித்துத் தானே கடைக்குப் போய் எடுத்த முதல் புடவை அது. அதுவரை அக்காள் கட்டிய புடவைதான். நூல் அறுத்து விரலில் கட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார், தனியாக. யாரோடு வந்தாய் என்று கேட்டாராம் போட்டோக்காரர். நான் மட்டும்தான் என்றாராம். ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் படம் வெறிச்சென்று இருக்கும் என்று அவரே இன்னொரு நாற்காலியைத் தூக்கிப் போட்டாராம்.

நான் கேட்டுவிட்டேன். “யாரும் வரதா இல்லையா, அக்கா?”

“யாருங்க வருவாங்க? கையி வெக்கறதுக்கு எடமில்ல, அதுமேல வெச்சேன்.” சற்றுக் கழித்துச் சொன்னார். “நல்லாருக்கறனான்னு பாக்கோணும்னு ஒரு ஆசை அம்மிணி. அவ்வளவுதான்.”

அடுத்த வாரமே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். கல்யாணம், கோபிப் பக்கம் வாழ்க்கை. ரசீது எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடி ஈரோட்டுக்குக் குடிவந்தபோது இரண்டு பிள்ளைகள். ஸ்டூடியோ வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இறங்கிக் கேட்கலாம் என்று நினைப்பாராம். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம் என்று அவரிடம் ஒன்றுகூட இல்லை. தான் அப்போது எப்படி இருந்தோம் என்பதே மறந்துவிட்டதாம்.

“அந்தப் போட்டாவக் குடுத்தீங்கன்னா பாத்துப்போட்டுப் போயிருவனுங்க.”

மகனிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 16, திங்கள்

“காத்திருப்பு” என்று பெயர் வைத்தது நான். அவள் வாயை மூடியதும் நான்தான். நந்தகோபால் மூடச் சொன்னது அவள் முகத்தை அல்ல, நான் போட்ட முகத்தை.

டிசம்பர் 17, செவ்வாய்

பச்சை வண்ணம் தீர்ந்துவிட்டது. வாங்கவேண்டும். பல்புக்கும் சொல்லவேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

வசந்தாமணி மறுபடி வருவார் என்று நினைக்கவில்லை. ஆனாலும் காலையிலேயே அறையைப் பெருக்கி வைத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார்.

நந்தகோபால் போட்டோவை அன்றைக்கே கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஏன்டா என்று ஒரே ஒரு தரம் கேட்டாராம். உனக்காகத்தான் செய்தேன் என்றாராம். அதற்கப்புறம் தாயும் மகனும் பேசிக்கொள்வதில்லை. சோறு போட்டு மூடிவைத்துவிடுகிறார், மகன் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறார்.

பேப்பரில் வந்த படம் இருக்கிறதே என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“அது நானில்லீங்க. அந்தப் புள்ள அழுவறாப்புல இருக்குது. நான் சிரிச்சுட்டல்ல இருந்தேன்? அந்தப் போட்டாக்காரரு சிரிக்காதம்மா சிரிக்காதம்மான்னு சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல.”

“சிரிச்சுட்டுதான் இருந்தீங்க. நான்தான் மாத்தினேன்.”

“எதுக்குங்க?”

பதில் சொல்ல முயன்றேன். படத்துக்கு அதுதான் பொருத்தம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கான்வாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க அம்மிணி. எப்படி இருந்தேன்?”

ஒரு மாதம் அந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நான். இப்போது அதை முழுதாக அறிந்தவர் உலகத்தில் நான் ஒருத்திதான். சொன்னேன். முன்பல் நடுவே இடைவெளி. அவர் கை தானாக வாய்க்குப் போனது. அந்தப் பற்களை எடுத்துவிட்டுக் கட்டிய பல் வைத்து எட்டு வருடமாகிறதாம், இடைவெளி இருந்ததையே மறந்துவிட்டாராம். ஜடை வலது தோள் வழியாக முன்னால் கிடந்தது என்றேன். “வலதா?” என்று கேட்டார். இடது புருவத்தில் நடுவில் ஒரு சின்ன வெட்டு. அது சின்ன வயதில் கிணற்றுமேட்டில் விழுந்தது என்றார். காதில் வளையம். அது அக்காவுடையது, அன்றைக்கு இரவல் வாங்கிப் போட்டது என்றார்.

நான் தாளும் பென்சிலும் எடுத்தேன். நான் வரையவரைய அவர் பார்த்தார். முகவாய் இவ்வளவு நீளமா என்று கேட்டார். இல்லை, சரியாகப் போடவில்லை என்று அழித்தேன். மூன்று தாள் வீணானது. நான்காவதைப் பார்த்ததும், “இது எங்கக்காவாட்ட இருக்குது” என்றார். அதையும் கிழிக்கப்போனேன். வேண்டாம் என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தார். என்னிடம் ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. அவர் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுச் சாப்பிட்டார். இந்த வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிட்டது இன்றுதான்.

எட்டாவது தாளில் சிரிப்பு வந்தது. பல்லை வரைந்ததால் வந்ததில்லை, கண்ணுக்குக் கீழே இருந்த மடிப்பு இன்று காலைதான் நினைவுக்கு வந்தது. அவர் வெகுநேரம் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டேன். யாழினிக்குப் பதினாறு வயதில் டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் தூங்குகையில் போனில் படம் எடுத்தேன். பச்சைக் கட்டம் போட்ட ஆஸ்பத்திரி விரிப்பு. அந்தக் கட்டத்தை அவள் மேலேயும் தலையணை மேலேயும் ஓடவிட்டுப் பெரிதாக வரைந்தேன். அதற்குப் பரிசு கிடைத்தது. ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. அவள் வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அழவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். நான் அதற்குப் பரிசைப் பற்றி ஏதோ பதில் சொன்னேன். அடுத்த மாதம் அவள் அப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் அவள் அப்பாவும் பிரிந்து அப்போதே நான்கு வருடமாகியிருந்தது, அவளுக்கு அங்கேயும் ஒரு அறை இருந்தது.

வசந்தாமணி அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்.

“என்ர பையனும் எங்கிட்டக் கேக்கல. நீங்களும் கேக்கலீங்க.”

ஆமாம் என்றேன்.

ஜனவரி 3, வெள்ளி

நான்கு நாளாக வேறு வேலை இல்லை. நீலம் முழுவதையும் மஞ்சளாக்கினேன். மூன்று மஞ்சள் கலந்து பார்த்து, அவரைப் போனில் கூப்பிட்டு, மாம்பழம் என்றால் எந்த மாம்பழம் என்று கேட்டேன். பங்கனப்பள்ளி என்றார். பிறகு முகத்தின் மேல் இருந்த பூக்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, எட்டாவது தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகத்தைப் போட்டேன்.

ஃபரீதாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. படத்தின் மர்மமே போய்விட்டது, இது ஏதோ காலண்டர் மாதிரி இருக்கிறது, சேகரிப்பாளருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி சரிதான். முகமில்லாத படம் நல்ல படம். பழையபடி மாற்றமாட்டேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 5, ஞாயிறு

வசந்தாமணி அக்கா வந்து பார்த்தார். முதலில் புடவையை. “மஞ்சள் சரியா வந்துருச்சு.” பிறகு முகத்தை. கிட்டே போனார், பின்னால் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இதே மொகந்தானான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. ஆனா இந்தப் புள்ளையப் பாத்தா எனக்குப் புடிச்சிருக்குது.”

இது சென்னைக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். போகாவிட்டாலும் எனக்குச் சம்மதம் என்றும் சொன்னேன். மகள் கல்யாணம் இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

ஜனவரி 8, புதன்

போன் வந்தது. நேற்று வேலை முடிந்து நேராக மாப்பிள்ளை வீட்டுக்கே போயிருக்கிறார், தனியாக. மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், பேப்பரையும் என் பென்சில் படத்தையும் காட்டி. அந்த அம்மாவும் ஒரு காலத்தில் மில்லில் கோன் ஓட்டியவராம். கேட்டுவிட்டு, நானும் ஒன்று எடுக்கவேண்டும் என்று இருந்தேன், கடைசிவரை எடுக்கவே இல்லை என்றாராம்.

“அனுப்புங்க அம்மிணி. எம் பேரு போடுங்க. வயசு போடுங்க, வேலை போடுங்க. விக்க மட்டும் வேண்டாம்.”

ஜனவரி 13, திங்கள்

வண்டி வந்து பன்னிரண்டு படத்தையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அறை பெரிதாகிவிட்டது. நாளைக்குப் பொங்கல். கீழ்வீட்டு அம்மா கரும்பு கொடுத்தார்.

யாழினிக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். தபாலில். கூடவே ஒரு கடிதமும். அந்தப் பச்சைக் கட்டம் போட்ட படம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, அதை என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல், அப்படியே செய்கிறேன் என்று எழுதினேன். இந்த நான்கு வரிக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஜனவரி 24, வெள்ளி. சென்னை

திறப்பு விழா. கூட்டம் பரவாயில்லை. முதன்மைச் சுவரில் வேறொரு படத்தை மாட்டியிருக்கிறார்கள். வசந்தாமணி அக்காவின் படம் உள்ளறையில், கழிப்பறைக்குப் போகும் வழியில். கீழே சின்ன அட்டை: “வசந்தாமணி, பத்தொன்பது வயது, கோன் பிரிவு.” மூன்று பேர் என்னிடம் அந்த நாற்காலி யாருக்கு என்று கேட்டார்கள். கை வைத்துக்கொள்வதற்கு என்றேன். நான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்கள்.

அக்கா வரவில்லை. கல்யாண வேலை, லீவும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு. சென்னை

விடுமுறை நாள், ஆனாலும் ஆட்கள் குறைவு. ஃபரீதா வரவில்லை. நான் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் கொஞ்சம் காற்று வருகிறது. கல்லூரிப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொருத்தியாக முகத்தைப் பார்த்தேன். யாழினி இல்லை.

மூன்று மணி இருக்கும். நந்தகோபால் வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார். கும்பிட்டேன், கும்பிட்டார். கடைக்குச் சரக்கு எடுக்கச் சென்னை வந்ததாகச் சொன்னார். கையில் பை ஒன்றும் இல்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை, உள்ளறையைக் காட்டினேன்.

ரொம்ப நேரமாக அங்கிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். படத்துக்கு இரண்டடி முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

“எங்கம்மா இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க.”

அவர் போனை எடுத்தார். “ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா மேடம்?”

“எங்கிட்டக் கேக்காதீங்க. அம்மாகிட்டக் கேளுங்க.”

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. காதில் வைத்தார். பிறகு குனிந்தபடி ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார். அம்மா பேசவேண்டுமாம்.

“அம்மிணி, அவன் நல்லாப் பாத்தானா?”

“பாத்தார் அக்கா. ரொம்ப நேரமா பாத்துட்டிருக்கார்.”

“செரி.” பின்னால் பெட்ஷீட்டுகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறார். “போட்டா எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவன் போன்ல நான் வேண்டாம். பாக்கோணும்னா அங்கியே நின்னு பாக்கட்டும். பத்தலீன்னா மறுக்கா வந்து பாக்கட்டும்.”

அப்படியே சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊருக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. உள்ளறைக்குத் திரும்பிப் போய் அதே இடத்தில் நின்றார். காவலாளி வந்து விளக்கை அணைக்கப்போகிறேன் என்று சொல்லும் வரைக்கும் அவர் உள்ளே இருந்தார், நான் வாசலில் இருந்தேன்.